பந்தை எறிவது குவார்ட்டர்பேக், எறியச் சொல்வது யார்?

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் 2009 ஏப்ரல் டிராஃப்டில், அதாவது கல்லூரி வீரர்களை அணிகள் வரிசைப்படி எடுத்துக்கொள்ளும் நாளில், ஓக்லாந்து ரெய்டர்ஸ் அணிக்கு ஏழாவது வாய்ப்பு. அந்த ஆண்டின் கல்லூரி ரிசீவர்களில், அதாவது எறியும் பந்தை ஓடிப் பிடிப்பவர்களில், பெரிய பெயர் மைக்கேல் கிராப்ட்ரீ. நாட்டின் சிறந்த கல்லூரி ரிசீவருக்கான விருதை அடுத்தடுத்து இரண்டு முறை வாங்கியவர். ரெய்டர்ஸின் முறை வந்தபோது அவரை யாரும் எடுத்திருக்கவில்லை. ஆனால் ரெய்டர்ஸ் எடுத்தது மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் டேரியஸ் ஹேவர்ட்-பேயை. காரணம், ஓட்டச் சோதனையில் அவர் 40 கெஜத்தை 4.30 விநாடியில் கடந்திருந்தார். கிராப்ட்ரீ கால் காயத்தால் அந்தச் சோதனையில் ஓடவே இல்லை. வளைகுடாவுக்கு அக்கரையில் இருந்த சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ், பத்தாவது வாய்ப்பில் அவரை அள்ளிக்கொண்டது.

ரெய்டர்ஸில் அப்போது கடைசி வார்த்தை பயிற்சியாளருடையது அல்ல. அது 79 வயதான உரிமையாளர் ஆல் டேவிஸுடையது. வேகம் என்றால் அவருக்கு உயிர். அந்த மோகம் ஒரே அணிக்கு மூன்று கோப்பைகளையும் கொடுத்தது, பிற்பாடு ஏழாண்டு வறட்சியையும் கொடுத்தது. இந்த ரெய்டர்ஸையும் அக்கரை நைனர்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே, அமெரிக்கக் கால்பந்தில் ஒரு அணியின் தாக்குதல் ஆட்டம் எங்கே உருவாகிறது என்பது பெருமளவு விளங்கிவிடும்.

ஆட்டம் புதிது என்பவர்களுக்கு முதலில் கொஞ்சம் விதிகள். ஹெல்மெட்டும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு, நீள்வட்டப் பந்தைக் கையால் எறிந்தும் சுமந்து ஓடியும் ஆடும் ஆட்டம் இது. பந்து கையில் உள்ள அணிக்கு நான்கு முயற்சிகள். அதற்குள் பத்து கெஜம் முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சிகள். இப்படியே நகர்ந்து எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டினால் டச் டவுன், ஆறு புள்ளி. களம் 100 கெஜம் நீளம், 53 கெஜத்துக்குச் சற்று கூடுதல் அகலம். தாக்கும் அணியின் பதினோரு பேரில் ஐந்து பேர் முன்வரிசையில் நின்று எதிராளிகளைத் தடுக்கும் கனத்த உடம்புக்காரர்கள். அவர்களுக்குப் பின்னால் நின்று பந்தை வாங்கி எறிபவர் குவார்ட்டர்பேக். பந்தோடு ஓடுபவர் ரன்னிங் பேக். ஓடிப்போய்ப் பந்தைப் பிடிப்பவர்கள் ரிசீவர்கள்.

ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவே ஆட்டம் நின்று தொடங்கும். கிரிக்கெட்டில் ஒவ்வொரு பந்துக்கும் முன்பு கேப்டன் ஃபீல்டரை இப்படி நில், அப்படி நில் என்று நகர்த்த முடிவதைப்போல, இங்கே பயிற்சியாளர் ஒவ்வொரு முயற்சிக்கும் பதினோரு பேருக்கும் தனித்தனியாக வேலை சொல்லி அனுப்பலாம். ‘ப்ளே’ என்பது அதுதான்: யார் எங்கே நிற்பது, எந்தத் திசையில் எத்தனை கெஜம் ஓடுவது, யார் யாரைத் தடுப்பது என்று முன்கூட்டியே வரைந்த திட்டம். அதனால் உலகக் கால்பந்தில் இருப்பதைவிட இங்கே பயிற்சியாளரின் சிந்தனை மிக நேரடியாகக் களத்தில் தெரியும். ஆனால் அந்தச் சிந்தனைக்குத் தோதான ஆட்களை வாங்கித் தருவதும், அது பலிக்கும்வரை காத்திருப்பதும் அவர் கையில் இல்லை. அங்கேதான் உரிமையாளர் வருகிறார்.

ஆல் டேவிஸ் பயிற்சியாளராக இருந்து உரிமையாளர் ஆனவர். 1960 முதல் மூன்று ஆண்டுகள் சார்ஜர்ஸ் அணியில் சிட் கில்மனிடம் உதவிப் பயிற்சியாளர். நீளப் பாஸை, அதாவது பந்தை வெகுதூரம் எறிவதை, ஒரு கலையாக வளர்த்தவர் கில்மன். களத்தின் மொத்த ஆழத்தையும் பயன்படுத்தினால் எதிரணி எல்லா இடத்தையும் காக்க முடியாது என்பது அவர் கணக்கு. டேவிஸ் 1963-ல் ரெய்டர்ஸின் தலைமைப் பயிற்சியாளராக வந்தபோது வயது 33. முந்தைய ஆண்டு 14 ஆட்டங்களில் ஒன்றே ஒன்றை வென்ற அணி, அவர் வந்த ஆண்டில் பத்தை வென்றது. 1966-ல் சில மாதங்கள், அப்போது என்எஃப்எல்லுக்குப் போட்டியாக இருந்த ஏஎஃப்எல் லீகின் ஆணையராக இருந்துவிட்டு, பத்து சதவீதப் பங்கோடு ரெய்டர்ஸுக்கே திரும்பினார். 1972-ல் முக்கியப் பங்காளி மியூனிக் ஒலிம்பிக்ஸ் பார்க்கப் போயிருந்த நேரத்தில் ஒப்பந்தத்தை மாற்றி எழுதி நிர்வாகத்தைத் தன் கைக்குக் கொண்டுவந்துவிட்டார். பங்காளி வழக்குப் போட்டுப் பார்த்தார், பலிக்கவில்லை.

நீளப் பாஸை நம்பினால் என்னென்ன தேவைப்படும் என்று யோசித்துப் பாருங்கள். ரிசீவர் நாற்பது, ஐம்பது கெஜம் ஓடி முடிக்க நேரம் ஆகும். அதுவரை குவார்ட்டர்பேக் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். அவர்மேல் எதிராளி விழாமல் இருக்க, முன்வரிசை ஐவர் ராட்சசர்களாக இருக்க வேண்டும். அவ்வளவு தூரம் எறியத் தோள் வலிமை வேண்டும். ரிசீவரிடம் வேகம் வேண்டும். ஆக, ஒரு தத்துவம் என்பது நடைமுறையில் ஒரு கொள்முதல் பட்டியல்தான். டேவிஸ் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டே ஆள் சேர்த்தார். 1967-ல் பஃபலோவிலிருந்து குவார்ட்டர்பேக் டேரில் லமோனிகாவை வாங்கினார். ‘பைத்தியக்கார குண்டுவீச்சாளன்’ என்பது அவருக்கு விழுந்த பட்டப்பெயர். முன்வரிசையின் இடப்பக்கத்துக்கு ஜீன் அப்ஷா, ஆர்ட் ஷெல் என்று இரண்டு மலைகள். 1972-ல் கல்லூரித் தடகள ஓட்டக்காரரான கிளிஃப் பிராஞ்ச். பிராஞ்ச் ஓடத் தொடங்கினால் எதிரணியின் பின்வரிசை பயந்து பின்வாங்கும். முன்னால் ரன்னிங் பேக்குக்கு இடம் கிடைக்கும். நீளப் பாஸை எறியாமலேயே அதன் பலன் கிடைத்துவிடும்.

உரிமையாளருக்கே ஒரு தத்துவம் இருந்தால் பயிற்சியாளருக்கு என்ன வேலை? ஜான் ரௌச் மூன்று பருவங்களில் 33 வெற்றி, 8 தோல்வி, ஒரு சமன் என்று அபாரமாக நடத்தினார். ஆனாலும் டேவிஸின் தலையீடு பொறுக்காமல் 1969 தொடக்கத்தில் கிளம்பிவிட்டார். அடுத்து 32 வயது ஜான் மேடன் வந்து பத்து ஆண்டுகள் நிலைத்தார். 1977 ஜனவரியில் லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலையும் வென்றார். மேடன் அடங்கிப் போனார் என்று இதை எளிதாகச் சொல்லிவிட முடியாது. டேவிஸ் நம்பியதை அவரும் நம்பினார், அதுதான் விஷயம். டாம் ஃபுளோரஸ் முன்பு அங்கேயே குவார்ட்டர்பேக்காக ஆடியவர். அவர் 1981-லும் 1984-லும் மேலும் இரண்டு கோப்பைகளைக் கொண்டுவந்தார். 1988-ல் டென்வரிலிருந்து மைக் ஷனஹன் வந்தார். வேறு பள்ளியில் படித்தவர், தன் வழியில் நடத்தப் பார்த்தார். இருபதே ஆட்டங்களில் வேலை போயிற்று. இந்தக் குடும்பப்பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அக்கரைக்குப் போகலாம். பில் வால்ஷ் 1966-ல் ரெய்டர்ஸில் ஓராண்டு உதவிப் பயிற்சியாளராக இருந்தவர் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். அவரும் நீளப் பாஸின் பள்ளிக்கூடத்தில் வாசலைத் தாண்டி உள்ளே போய்ப் பார்த்தவர்தான். பிறகு சின்சினாட்டி பெங்கால்ஸில் எட்டு ஆண்டுகள். அந்த அணியைத் தொடங்கியவரும் தலைமைப் பயிற்சியாளரும் பால் பிரௌன். 1969-ல் அங்கே கிரெக் குக் என்ற புதிய குவார்ட்டர்பேக் வந்தார். பீரங்கி போன்ற தோள். முதல் பருவத்திலேயே அந்தத் தோள் காயப்பட்டு, அத்தோடு அவர் ஆட்டவாழ்க்கையே முடிந்ததுபோல் ஆயிற்று. அடுத்து வால்ஷுக்குக் கிடைத்தவர் வர்ஜில் கார்ட்டர். தூரம் எறிய வராது. ஆனால் குறி தப்பாது, புத்தி கூர்மை. அணியோ தொடங்கி இரண்டே ஆண்டு ஆன அணி. முன்வரிசையும் பலவீனம்.

அப்போது வால்ஷ் களத்தைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தார். நூறு கெஜ நீளத்தை விட்டுவிட்டு, 53 கெஜ அகலத்தைப் பயன்படுத்துவது. ஆறு, எட்டு கெஜத்தில் சின்னச் சின்னப் பாஸ். குவார்ட்டர்பேக் மூன்று அல்லது ஐந்து காலடி பின்வாங்கியதும் பந்து கையை விட்டுப் போய்விட வேண்டும். ரிசீவர் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே, அவர் வரப்போகும் இடத்துக்குப் பந்து கிளம்பியிருக்கும். ரன்னிங் பேக்கும் பந்தைப் பிடிப்பார். நீளமாக எறிய ஆள் இல்லாத குறையிலிருந்து பிறந்த முறை இது. 1971-ல் எறிந்த பாஸ்களில் நிறைவேறியவற்றின் சதவீதத்தில் லீகிலேயே முதலிடம் கார்ட்டருக்கு. இன்று ‘வெஸ்ட் கோஸ்ட் ஆஃபென்ஸ்’, அதாவது மேற்குக் கடற்கரைத் தாக்குதல், என்று உலகம் கொண்டாடுவது சின்சினாட்டி இருக்கும், கடலே இல்லாத ஒஹாயோவில் முளைத்தது என்பது ஒரு வேடிக்கை.

பிரௌன் 1976 தொடக்கத்தில் பயிற்சியாளர் பொறுப்பை விட்டார். அடுத்த ஆள் வால்ஷ்தான் என்று பலரும் நினைத்தார்கள். பிரௌன் தேர்ந்தெடுத்தது பில் ஜான்சனை. உரிமையாளர் ஒருவர் எடுத்த ஒரே ஒரு பணியமர்த்தல் முடிவு இது. பெங்கால்ஸ் பின்னர் 1982-லும் 1989-லும் சூப்பர் பௌலுக்குப் போய், இரண்டு முறையும் வால்ஷின் நைனர்ஸிடமே தோற்றது.

நைனர்ஸை 1977-ல் வாங்கியது ஒஹாயோவில் வணிக வளாகங்கள் கட்டிய டிபார்டோலோ குடும்பம். மகன் எடிக்கு வயது 30, அணி அவர் பொறுப்பு. அவர் தொடங்கிய விதம் படுமோசம். ஜோ தாமஸ் என்ற பொது மேலாளரிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்தார். தாமஸ் பயிற்சியாளர்களை மாற்றிக்கொண்டே இருந்தார். முழங்கால் தேய்ந்துபோன ரன்னிங் பேக் ஓ.ஜே. சிம்சனுக்காக டிராஃப்ட் வாய்ப்புகளை மூட்டையாகக் கட்டிக் கொடுத்தார். 1978-ல் கணக்கு 2 வெற்றி, 14 தோல்வி. கடைசி இடம் பிடித்ததற்குக் கிடைத்திருக்க வேண்டிய முதல் டிராஃப்ட் வாய்ப்பும் சிம்சன் பேரத்தில் பஃபலோவுக்குப் போயிருந்தது.

எடி தாமஸை அனுப்பிவிட்டு, 1979-ல் வால்ஷிடம் பயிற்சியாளர் பதவியோடு ஆள் எடுக்கும் அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுத்தார். என் பார்வையில் அந்த அணியின் வரலாற்றிலேயே முக்கியமான முடிவு அதுதான். ப்ளே வரைபவரும் ஆள் எடுப்பவரும் ஒருவரே என்றால் கொள்முதல் பட்டியல் குழம்பாது. முதல் ஆண்டிலேயே மூன்றாம் சுற்றில், 82-வது ஆளாக, குவார்ட்டர்பேக் ஜோ மோன்டானா. தோள் வலிமை போதாது என்று பல அணிகள் தள்ளிவைத்தவர். வால்ஷுக்கு அவர் கால்நகர்வும் நிதானமும் போதும். பத்தாம் சுற்றில் ரிசீவர் டுவைட் கிளார்க். பின்னாளில், 1985-ல், ஓட்டச் சோதனையில் பெரிய வேகம் காட்டாத ரிசீவர் ஜெர்ரி ரைஸ். வேகத்தை மட்டும் பார்ப்பவர்கள் கண்ணில் படாதவர்களை அந்தப் பட்டியல் கண்டுபிடித்தது.

ஆனால் 1979-ல் என்ன நடந்தது? மறுபடியும் 2-14. புள்ளிப்பட்டியலைப் பார்த்தால் ஒன்றும் மாறவில்லை. தாக்குதலோ அடியோடு மாறியிருந்தது. குவார்ட்டர்பேக் ஸ்டீவ் டிபெர்க் அந்தப் பருவத்தில் நிறைவு செய்த பாஸ்களின் எண்ணிக்கை, லீகில் அதுவரை யாரும் தொடாதது. 1980-ல் தொடர்ந்து எட்டு தோல்விகள், முடிவில் 6-10. இரண்டு ஆண்டு முடிவில் 8 வெற்றி, 24 தோல்வி. பல உரிமையாளர்கள் இந்த இடத்தில் ஆளை மாற்றியிருப்பார்கள். எடி மாற்றவில்லை. 1981 பருவத்தில் 13-3. 1982 ஜனவரி 10 அன்று, டல்லாஸுக்கு எதிராக 89 கெஜத்தைத் துண்டு துண்டாகக் கடந்துவந்து, கடைசியில் மோன்டானா எறிந்த பந்தைக் கிளார்க் எம்பிப் பிடித்தார். 28-27. அதே மாதம் முதல் கோப்பை.

காலமும் அவர்களுக்கு உதவியது. 1978-ல் விதி மாறி, ஐந்து கெஜத்துக்கு அப்பால் ரிசீவரை இடித்துத் தள்ளக் கூடாது என்றானது. நேரம் தப்பாமல் ஓட வேண்டிய சின்னப் பாஸ் முறைக்கு இதைவிடப் பெரிய வரம் கிடையாது. வால்ஷ் ஆட்டத்தின் தொடக்க ப்ளேக்களை, பிற்காலத்தில் 25 வரைக்கும், முன்கூட்டியே தாளில் எழுதி வரிசைப்படி ஓட்டுவார். எதிரணி எப்படி நிற்கிறது என்று அவற்றை வைத்தே படித்துவிடுவார். ஒருவரை ஒருவர் மனப்பாடமாக அறிந்த வீரர்கள் இருந்தால்தான் இது நடக்கும். அப்படி ஒரு கூட்டம் சேரப் பல ஆண்டுகள் வேண்டும்.

எடியைப் பொறுமையின் சிகரம் என்று நினைத்துவிட வேண்டாம். 1987 பருவத்தில் மினசோட்டாவிடம் தோற்றதும் வால்ஷிடம் இருந்த நிர்வாகத் தலைவர் பதவியைப் பறித்தார். 1989 ஜனவரியில் மூன்றாவது கோப்பையை வென்ற கையோடு வால்ஷ் விலகிவிட்டார். எடி கொடுத்த இரண்டு ஆண்டு அவகாசத்தைப் புகழும் அதே வாயால் இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். என்றாலும் விதைத்தது அழியவில்லை. உதவியாளர் ஜார்ஜ் சீஃபர்ட் அதே முறையோடு இன்னும் இரண்டு கோப்பைகளை எடுத்தார். இரண்டாவதன்போது, 1994 பருவத்தில், தாக்குதல் ஒருங்கிணைப்பாளர், அதாவது தாக்குதல் ஆட்டத்தைக் கவனிக்கும் உதவிப் பயிற்சியாளர், யார் தெரியுமா? டேவிஸ் இருபது ஆட்டங்களில் வெளியேற்றிய அதே மைக் ஷனஹன்.

‘பணக்கார முதலாளி நல்ல ஆட்களை வாங்கிவிடுவார், அவ்வளவுதானே?’ என்று கேட்கலாம். 1994-லிருந்து அது அவ்வளவு எளிதல்ல. ஒவ்வொரு அணியும் வீரர்களுக்குச் செலவிடும் சம்பளத்துக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. 2024-ல் அது அணிக்கு 25.54 கோடி டாலர். தேசிய அளவிலான தொலைக்காட்சி வருமானமும் 32 அணிகளுக்கும் சமமாகப் பிரிகிறது. ஐரோப்பியக் கால்பந்து கிளப்களைப்போல் எண்ணெய்க் காசைக் கொட்டி நட்சத்திரங்களை அள்ள முடியாது. வரம்பு இல்லாதது பயிற்சியாளர்களின் சம்பளத்துக்கும் அவர்களுக்குக் கொடுக்கும் கால அவகாசத்துக்கும்தான். கிரீன் பே பேக்கர்ஸ் போலத் தனி முதலாளியே இல்லாமல், ஊர் ரசிகர்கள் பங்கு வைத்திருக்கும் அணியும் உண்டு. அங்கே இந்த முடிவுகளை நிர்வாகக் குழுவும் தலைவரும் எடுக்கிறார்கள்.

டேவிஸுக்கு வருவோம். தொண்ணூறுகளின் முடிவில் அவரே ஒரு கட்டத்தில் இறங்கிவந்தார். 1998-ல் ஜான் குருடனை நியமித்தார். வால்ஷ் வழிவந்த சின்னப் பாஸ் ஆள். குவார்ட்டர்பேக் ரிச் கேனனை வைத்து அணி எழுந்தது. ஆனால் 2002-ல் டேவிஸ் குருடனையே டாம்பா பேக்கு விற்றார், நான்கு உயர் டிராஃப்ட் வாய்ப்புகளுக்கும் 80 லட்சம் டாலருக்கும். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் சூப்பர் பௌல். ஒருபக்கம் ரெய்டர்ஸ், மறுபக்கம் குருடனின் டாம்பா. ரெய்டர்ஸ் இன்னும் பெரும்பாலும் குருடன் விட்டுப்போன ஆட்டத்தையே ஆடிக்கொண்டிருந்தது. அந்தப் பருவத்தின் மிகச் சிறந்த வீரர் விருது வாங்கிய கேனன், ஐந்து பாஸ்களை எதிரணியின் கையில் கொடுத்தார். 48-21 என்று டாம்பா வென்றது.

அதற்குப் பிறகு 2003 முதல் 2009 வரை ஒவ்வொரு பருவத்திலும் குறைந்தது 11 தோல்வி. டேவிஸ் பழைய பட்டியலுக்கே திரும்பியிருந்தார். 2007-ல் முதல் ஆளாக ஜமார்கஸ் ரஸ்ஸல், அசாத்தியத் தோள் வலிமைக்காரர். பயிற்சியாளர் லேன் கிஃபினுக்கு அந்தத் தேர்வில் விருப்பம் இல்லை. 2008 செப்டம்பரில் கிஃபினை நீக்கியபோது, டேவிஸ் பத்திரிகையாளர் முன் புரொஜெக்டரில் தன் கடிதத்தைத் திரையிட்டே காரணம் சொன்னார். ரஸ்ஸல் மூன்று பருவங்கள்தான் நீடித்தார். ஹேவர்ட்-பேயின் வேகம் உண்மையானதுதான். ஆனால் பந்து பறந்துவரும்வரை குவார்ட்டர்பேக்கைக் காக்க அப்ஷாவும் ஷெல்லும் அங்கே இல்லை. பட்டியலில் ஒரு பொருளை மட்டும் வாங்கினால் சமையல் ஆகாது. இதை வைத்து டேவிஸை ஆட்டம் தெரியாத முதலாளி என்று கேலி செய்வோர் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆட்டம் அவர் அளவுக்குத் தெரிந்த உரிமையாளர்கள் மிகக் குறைவு. அவரிடம் ‘இது இப்போது செல்லாது’ என்று சொல்லி வேலையில் நீடிக்கக்கூடிய ஆள்தான் அந்தக் கட்டடத்தில் இல்லை.

தத்துவமே இல்லாத உரிமையாளர் இன்னும் ஆபத்து என்பதற்கும் அக்கரையிலேயே சாட்சி இருக்கிறது. 2005-ல் நைனர்ஸ் முதல் ஆளாக எடுத்த குவார்ட்டர்பேக் அலெக்ஸ் ஸ்மித். அணி அப்போது எடியின் சகோதரி குடும்பமான யார்க்குகள் கையில். ஸ்மித்துக்கு வாய்த்த தாக்குதல் ஒருங்கிணைப்பாளர்கள்: மைக் மெக்கார்த்தி, நார்வ் டர்னர், ஜிம் ஹாஸ்ட்லர், மைக் மார்ட்ஸ், ஜிம்மி ரே. ஐந்து ஆண்டில் ஐந்து பேர். ஒவ்வொருவருக்கும் வேறு ப்ளே புத்தகம், வேறு குறிச்சொற்கள். மெக்கார்த்தி சொல்லிக்கொடுத்ததை மறந்தால்தான் டர்னரைப் புரிந்துகொள்ள முடியும். ரசிகர்கள் ஸ்மித்தைத்தான் திட்டினார்கள். 2011-ல் ஜிம் ஹார்போ வந்து ஒரு நிலையான முறையைக் கொடுத்ததும் அதே ஸ்மித் அணியைச் சூப்பர் பௌலுக்கு ஒரு படி கீழே வரை கொண்டுபோனார்.

யார்க் குடும்பத்து இளையவர் ஜெட், நிர்வாகத்தோடு ஒத்துப்போகாத ஹார்போவை 2014 முடிவில் விட்டுவிட்டார். அடுத்த ஆண்டு ஜிம் டாம்சுலா, 5-11. அதற்கடுத்து சிப் கெல்லி, 2-14. மூன்று பருவத்தில் மூன்று பயிற்சியாளர்கள். பிறகு 2017-ல் தாக்குதலைக் கட்டும் வேலையை மைக் ஷனஹனின் மகன் கைலிடம் கொடுத்தார். கைலுக்கும் புதிய பொது மேலாளர் ஜான் லின்ச்சுக்கும் ஆறு ஆறு ஆண்டு ஒப்பந்தம். என்எஃப்எல்லில் அது அபூர்வம். கைலின் பாணியில் அப்பாவின் ஓட்டமும் வால்ஷின் சின்னப் பாஸும் கலந்திருக்கும். பந்து வருவதற்கு முன்பே ரிசீவர்கள் குறுக்கே நடந்து எதிரணியைக் குழப்புவார்கள். பக்கவாட்டில் ஓடும் ரன்னிங் பேக்கை நம்பி எதிராளி சாயும்போது, அதே தோற்றத்திலிருந்து பாஸ் கிளம்பும்.

முதல் இரண்டு ஆண்டுகள் 6-10, 4-12. ஜெட் அசையவில்லை. மூன்றாம் ஆண்டு சூப்பர் பௌல். 2021-ல் கைலும் லின்ச்சும் டிரே லான்ஸ் என்ற குவார்ட்டர்பேக்குக்காகத் தங்கள் முதல் சுற்று இடத்தோடு, அடுத்த இரண்டு ஆண்டுகளின் முதல் சுற்று வாய்ப்புகளையும் கொடுத்தார்கள். லான்ஸ் தேறவில்லை. 2023 ஆகஸ்டில் ஒரு நான்காம் சுற்று வாய்ப்புக்கு டல்லாஸுக்கு அனுப்பப்பட்டார். வேறு கட்டடமாக இருந்தால் இரண்டு பேரின் பெட்டியும் அன்றே வாசலில் இருந்திருக்கும். அதற்குள் 2022 டிராஃப்டின் கடைசி ஆளாக, 262-வதாக எடுத்த பிராக் பர்டி அந்த இடத்தில் ஆடிக்கொண்டிருந்தார். பெரிய தோள் கிடையாது. சொன்ன நேரத்தில், சொன்ன இடத்துக்குப் பந்தை அனுப்புவார். 2024 பிப்ரவரியில் அவரோடு நைனர்ஸ் மறுபடி சூப்பர் பௌல் ஆடியது. கூடுதல் நேரத்தில் 25-22 என்று கான்சஸ் சிட்டியிடம் தோற்றது. அடுத்த பருவத்தையும் கைலும் லின்ச்சும்தான் தொடங்கினார்கள்.